கத்தரிக்காய், குதிரை, குடை

தனக்கு மறதி வந்துவிட்டது என்பதை ஒரு நாள்கூட மறக்காமல் சொல்லிவரும் ஒருவருக்கு மறதி இருக்கிறதா, இல்லையா? தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த காலத்தில் எனக்குள் எழுந்த கேள்வி இது. இப்போது ஈப்போவில் குடித்தனம் நடத்துகிறேன். மடியில் ஏழு மாதப் பிள்ளை இருக்கிறான். பதில் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. முன்பு தெரியாமல் இருந்ததில் பெரிய நஷ்டமில்லை. இப்போது தெரிந்தாக வேண்டும். இங்குள்ள பெண் பிள்ளைகள் பள்ளியில் காலை வேளைகளில் தையல் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போனால் என் மகனை அந்த மறதிக்காரரான அஞ்சலை ஆயாவின் கையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தப் பத்திரிகையின் பெண்கள் பகுதியில் கேட்டிருந்தார்கள். ஓய்ந்தவர் என்றால் நரைத்த தலை இருக்க வேண்டுமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்யாணமும் பிள்ளையும் வந்து வேலையை விட்டவளுக்கும் அது ஓய்வுதானே என்றார் என் கணவர். அவர் ரயில்வே சரக்கு ஆபீசில் இருக்கிறார். அவர் சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். தப்பென்றால் மன்னிக்கவும்.

தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். என் அப்பா அங்கே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. நான் தைப்பிங்கில் மிஷன் பள்ளியில் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை வேண்டும் என்று சர்க்கார் சொல்ல, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு கொட்டகை கட்டினார். ஆயாவாக அஞ்சலை இருந்தார். மருந்துச் சீசாவில் ஒட்டியிருப்பதைப் படிக்கவும், குழந்தைகளை நிறுத்து எடை சொல்லவும் எழுத்துத் தெரிந்த ஒருத்தி வேண்டியிருந்தது. அதனால் நான் சின்ன ஆயா ஆனேன். வேலை பழகியது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதம் முழுக்க என் சேலை நனைந்தது. இரண்டாவது மாதம் நனைவதற்கு முன்பே கையை நீட்டக் கற்றேன்.

கொட்டகையின் நடைமுறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கு எடுப்பது, நடக்கும். அது முடிந்ததும் பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து உத்தரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையை அதில் போட்டுவிட்டு மரம் வெட்டப் போவாள். வரிசையாக ஏணைகள் தொங்கும். அஞ்சலை ஆயா குழந்தைகளைப் பேர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. சேலையைச் சொல்லித்தான் அழைப்பார். "செவப்புக் கட்டம் அழுவுது, பாரு." "மாம்பழக் கலருக்கு ஒடம்பு சுடுது." "பச்சைக் கரை இன்னிக்கு என்னா கோவமா இருக்காரு?" தகப்பன் பேர், தாய் பேர், எந்த லயத்து வீடு எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாமே சேலை வழியாகத்தான் அவர் மனதுக்குள் போகும், வரும்.

பெரிய உருவம். வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு பிரம்போடு நிற்பார். அந்தப் பிரம்பால் ஈயைத் தவிர யாரையும் அடித்ததில்லை. தாய்மார்கள் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கும்போது ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "நல்லாப் பாத்துக்க, ஒம் பிள்ளைதானே?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு நாள் வெற்றிலைப் பையைக் காணோம் என்று கொட்டகை முழுக்கத் தேடினார். பை அவர் இடுப்பிலேயே இருந்தது. நான் காட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"செல்லம்மா, எனக்கு மறதி வந்துடுச்சி."

"இது எல்லாருக்கும் நடக்குறதுதானே ஆயாம்மா. எங்கப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டே தேடுவாரு."

"ஒங்கப்பா கையில கித்தாப் பாலு டின்னு. எங் கையில பிள்ளைங்க. நாளைக்கு ஒரு பிள்ளைய வேற ஒருத்தி கையில குடுத்துட்டேன்னா?"

நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் பேச்சாக, "எனக்கு மறதி வந்துடுச்சி, ஞாபகம் வச்சிக்க" என்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து எதையும் இரண்டு தடவை செய்வது. பத்து மணிக் கஞ்சியைப் புகட்டி முடித்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன்.

"கஞ்சி குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு ஆயாம்மா."

"யாரு குடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்."

"நீ குடுத்த. நான் குடுத்தேனா?"

"நீங்களும் பாதிப் பேருக்குக் குடுத்தீங்க."

"எந்தப் பாதி?"

நான் ஏணைகளை விரல் விட்டு எண்ணத் தொடங்குவேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் மறுபடி அடுப்பை மூட்டிவிடுவார். பிள்ளைகள் இரண்டாவது கஞ்சியையும் மறுக்கவில்லை. சில மாதங்களில் எங்கள் கொட்டகைக் குழந்தைகள் கையில் மடிப்பு மடிப்பாகச் சதை வைத்தன. ஈப்போவிலிருந்து வரும் பெரிய டாக்டர் எடையைப் பார்த்து, நிறுக்கும் தராசுதான் கெட்டுவிட்டதோ என்று ஒரு மூட்டை அரிசியை வைத்து நிறுத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. துரைக்குச் சந்தோஷம். பக்கத்துத் தோட்டத்து ஆயாக்களை எங்களிடம் கற்றுக்கொள்ள அனுப்பினார். என்ன கொடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல. எனக்கு மறதி, அவ்வளவுதான்" என்றார் அஞ்சலை ஆயா.

அவர் ரகசியத்தை மறைக்கிறார் என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

கஞ்சி பரவாயில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை இரண்டு தடவை கொடுக்க முடியுமா? அதனால் மருந்துப் பெட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் காய்ச்சல் கண்ட சிவப்புக் கட்டத்துப் பிள்ளைக்குக் கொடுக்கப் பெட்டியைத் திறந்த வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டது. கூரையில் ஒரு தகரம் பறந்தது. ஏணைகளை எல்லாம் அவிழ்த்து உள்பக்கம் கட்டினோம். மழை விட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கரண்டி ஈரமாக இருந்தது. மருந்து ஈரமா, மழை ஈரமா என்று தெரியவில்லை.

"நீ குடுத்தியா?"

"நீங்க குடுக்கலையா?"

அஞ்சலை ஆயாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கொய்னா குடித்த பிள்ளை அந்தக் கரண்டியைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். வெறும் கரண்டியைக் காட்டிப் பார்க்கலாம் என்றார். காட்டினோம். பிள்ளை வாயைப் பெரிதாகத் திறந்தது.

"அப்ப குடுக்கல" என்றேன்.

அவர் பிள்ளையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுக்கும் மறதி இருந்தா?"

சிரிக்க முடியவில்லை. ஏழெட்டு மாதக் குழந்தைக்கு எவ்வளவு நினைவு இருக்கும் என்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் அன்று மருந்து கொடுக்கவில்லை. ஒரு வேளை தவறினால் பிழைக்கும், இரண்டு வேளை சேர்ந்தால் என்ன ஆகுமோ என்று இருவரும் பயந்தோம். சாயங்காலம் வரை மாறி மாறி மடியில் வைத்திருந்தோம். காய்ச்சல் தானே இறங்கியது. அப்படியானால் கொடுத்திருந்தோமோ என்று அப்புறம் ஒரு வாரம் யோசித்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் துரைசாணி பெண்களுக்கெல்லாம் சேலை கொடுத்தார். ஒரே பேல் கட்டில் வந்த ஒரே மாதிரிச் சேலை. நல்ல நீலம், வெள்ளைப் பொட்டு. கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள் வியர்வையில் நனைந்து நீலமாகத் திரும்பி வந்தார்கள். சாயம் நிற்கவில்லை. துரைசாணி கொடுத்ததைத் தூக்கிப் போடவும் பயம், கட்டவும் முடியாது. ஆகவே எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தீபாவளி கழிந்து வேலை தொடங்கிய காலையில் அத்தனை பேரும் அந்த நீலச் சேலையில் ஏணை கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அஞ்சலை ஆயா அன்று அடுப்படியில் இருந்தார். கஞ்சிப் பானையோடு உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றார். வரிசை முழுக்க ஒரே நீலம். கிட்டே போய் ஒரு ஏணையை விலக்கிப் பார்த்தார். பிள்ளைகள் வழக்கம்போல ஈரம் பண்ணியிருந்தன. உள்ளே நீலப் பிள்ளை. அடுத்ததிலும் நீலப் பிள்ளை. கடைசி வரை போனார். பானையைக் கீழே வைத்தார்.

"போச்சு செல்லம்மா. எனக்கு ஒரு பிள்ளையும் தெரியல."

"எனக்கும் தெரியல ஆயாம்மா. எல்லாம் ஒரே சேலை, அதான்."

"நீ சின்னப் பொண்ணு. ஒனக்குத் தெரியாட்டிப் பரவால்ல."

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். பாப்பாத்தி என்பவள் ஒரு பிள்ளையை அள்ளிக்கொண்டு லயத்துக்குப் போய், குளிப்பாட்டத் துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். "நான் பெத்தது ஆம்பளப் பிள்ளை ஆயா, இது பொண்ணு" என்றாள். அந்தப் பெண் பிள்ளையின் தாயோ பாப்பாத்தியின் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்களே இப்படி என்றால் ஆயாம்மாவை என்ன சொல்ல என்று நான் கேட்டேன். "அட, எங்களுக்கு என்னா, மாத்திக்குவோம்" என்றாள் பாப்பாத்தி. அஞ்சலை ஆயா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து தன் நீலக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்தது நடந்தே விட்டது. எல்லாரும் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டதுதான் அவருக்கு அதைவிடப் பெரிய துக்கம்.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாவிடம் போனார். டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணியமான மனுஷர். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பார். அஞ்சலை ஆயாவை ஸ்டூலில் உட்கார வைத்து, நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார்.

"மறதி நாக்குலயா ஐயா இருக்கு?"

"நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லும். இப்ப எந்த ராசா ஆளுறார்?"

"எனக்கு எப்பவுமே தெரியாதுங்க. தெரிஞ்சாத்தானே மறக்க."

"சரி. இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பழைய சோறு."

"நேற்று?"

"பழைய சோறு."

"முந்தநாள்?"

"பழைய சோறுதாங்க."

"எல்லாம் சரி. உமக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை."

"இதுல மறக்க என்னாங்க இருக்கு? கஷ்டமாக் கேளுங்க."

டிரெசர் கொஞ்சம் யோசித்தார். "நான் மூண்டு சாமான் சொல்லுறன். மனசில வைச்சிரும். பேந்து கேப்பன். கத்தரிக்காய், குதிரை, குடை. விளங்குதே?"

"வெளங்குது. எப்பக் கேப்பீங்க?"

"பேந்து கேப்பன் எண்டு சொன்னன்தானே."

பேந்து என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பிறகு. அந்நேரம் பால்வெட்டும் உளியில் கையைக் கிழித்துக்கொண்ட ஒருவனைத் தூக்கி வந்தார்கள். டிரெசர் எழுந்து போனார். நாங்கள் திரும்பினோம்.

அவர் கேட்கவேயில்லை. அஞ்சலை ஆயா காத்திருந்தார். மறந்துவிடுமோ என்ற பயத்தில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏணையை ஆட்டும்போது "கத்தரிக்கா, குதிரை, கொடை" என்று தாலாட்டுப் போல இழுப்பார். கஞ்சி கிண்டும்போதும் அதேதான். பிள்ளைகள் அதற்கே தூங்கப் பழகிவிட்டன. நீங்களே போய் டிரெசரிடம் சொல்லிவிடலாமே என்றேன். "கேக்காம சொல்றது பரீட்சை ஆவாது" என்றார்.

பிறகு ஒரு நாள் துரை கொட்டகையைப் பார்க்க வந்தார். டிரெசர் பக்கத்தில் வந்தார். துரை பொதுவாக ஏதோ கேட்க, டிரெசர் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன அஞ்சலை, சொல்ல வேண்டியது ஏதும் இருக்கோ?" என்றார். கூரை ஒழுகுவது போன்ற குறைகளைத்தான் கேட்டிருப்பார்.

அஞ்சலை ஆயா முந்தானையைச் சரி செய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். துரையின் முகத்தை நேராகப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"கத்தரிக்கா. குதிரை. கொடை."

துரை டிரெசரைப் பார்த்தார். டிரெசர் ஆயாவைப் பார்த்தார். டிரெசரின் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக மறந்திருந்தார். துரை இங்கிலீஷில், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். டிரெசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்று சாமானையும் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னார்.

"கரெக்டுதானுங்களே ஐயா?" என்று ஆயா டிரெசரைக் கேட்டார்.

துரைக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். அந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்தது. வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, இனிக் குழந்தைகளை இவர் பொறுப்பில் விட முடியாது என்று அந்த வாரமே ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

நான் டிரெசரிடம் ஓடினேன். நடந்ததை எல்லாம் நினைவுபடுத்தினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஓமோம், இப்ப ஞாபகம் வருது. பாவம் மனுசி."

"அப்ப துரைகிட்டச் சொல்லுங்க ஐயா."

"என்னெண்டு சொல்லுறது? நான் மறந்திட்டன் எண்டோ? பேந்து என்னையெல்லோ வீட்டுக்கு அனுப்புவார்."

நானே துரையிடம் போகிறேன் என்று அஞ்சலை ஆயாவிடம் சொன்னேன். அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். முகம் தெளிந்திருந்தது.

"விடும்மா. இத்தினி நாளா சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இப்பத்தான் நம்பியிருக்காங்க. நீ போயிக் கெடுத்துடாத."

அவர் போனபின் பிள்ளைகள் தூங்க மறுத்தன. வேறு வழியில்லாமல் நானும் கத்தரிக்காய், குதிரை, குடை என்று சொல்லித்தான் ஆட்டினேன். வேலையை விடும் வரை அதுதான் தாலாட்டு. என் மகனுக்கும் அதையே சொல்கிறேன், வாய்க்கு அதுதான் வருகிறது.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். அஞ்சலை ஆயா ஈப்போவில் புந்தோங்கில் தன் தங்கை மகன் வீட்டில் இருக்கிறார். அவன் அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடப் பார்க்கிறான். ஊரில் அவருக்கு யாருமில்லை. என் வீட்டில் ஒரு வேலை இருந்தால் இங்கேயே இருந்துவிடலாம். தினமும் வந்து, "பள்ளிக்கூடத்துக்கு என்னாம்மா பதில் சொன்ன?" என்று கேட்கிறார். ஒரு நாளும் கேட்க மறந்ததில்லை. என் நினைவின் லட்சணமோ வேறு. போன வாரம் அடுப்பில் சோறு வைத்ததை மறந்து தீய விட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தேனா இல்லையா என்று ஆயாவைக் கேட்கிறேன். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள் ஞாபகம் தேறும்" என்கிறார் என் கணவர். அது போதும் என்று நானும் சரி சொல்லும் முடிவில்தான் இருந்தேன்.

முந்தாநாள் ஆயா என் மகனை ஏணையில் போட்டு ஆட்டினார். நான் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கத்தரிக்கா, குதிரை, வெளக்கு."

கீரையைக் கீழே வைத்தேன். "ஆயாம்மா, குடை."

"எது கொடை?"

"மூணாவது. கத்தரிக்காய், குதிரை, குடை."

"இல்ல கண்ணு. வெளக்கு. டிரெசரு வெளக்குன்னுதான் சொன்னாரு."

"துரை முன்னால நீங்க குடைன்னுதானே சொன்னீங்க?"

"வெளக்குன்னேன். நீதான் மறந்துட்ட" என்று சிரித்தார்.

மேலே நான் குடை என்று எழுதியிருக்கிறேன். என் நினைவு அதுதான். ஆனால் தினமும் நூறு தடவை சொன்னால் தப்பும் பழகித்தானே போகும்? டிரெசர் சிலோனுக்குத் திரும்பிப் போய்விட்டார். இங்கே இருந்திருந்தாலும் அவரைக் கேட்டுப் பயனில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்குப் பயமாக இருப்பது குடையோ விளக்கோ அல்ல. இத்தனை வருஷத்தில் அஞ்சலை ஆயா எதையும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கொடுத்தோமா, கொடுத்தோமா என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்த அஞ்சலை ஆயாவிடம் என் மகனைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன். சந்தேகமே படாத இந்த அஞ்சலை ஆயாவை எனக்குப் பழக்கமில்லை. அவர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால் மறந்தவள் நான்தான்; அப்போது வேறு யாரிடமும் விட முடியாத என் பிள்ளையை நானே வைத்துக்கொள்வதுதான் ஆபத்தோ என்றும் தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தார் புதிய தவணைக்குள் பதில் கேட்கிறார்கள். தங்கை மகன் கப்பலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கும் சகோதரிகள், எனக்கு மறதி என்று சொல்பவரை நம்பலாமா, எனக்கு மறதி இல்லை என்று சொல்பவரை நம்பலாமா என்று தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவன் குடைக்கும் தூங்குகிறான், விளக்குக்கும் தூங்குகிறான்.